க்ளைம்பிங் சுவருக்கு வெப் ஆப் செய்து தருகிறேன் என்று ஒருவர் வந்தால், முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பாறை ஏறிப் பழகும் உள்ளரங்கச் சுவர் வைத்திருப்பவர்களைத் தேடி, கோவையிலிருந்து ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். "க்ளைம்பிங்குக்குன்னே செஞ்ச ஆப்புங்க, உங்க பேரை மட்டும் மாத்தினாப் போதும்" என்பார். குன்னூரில் எங்களிடமும் அதையேதான் சொன்னார். ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயும் அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் வாங்கிக்கொண்டு உதவாத ஆப்பைக் கொடுத்தார். புகார் விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை.

அது எங்கள் கைப்பணம் மட்டும் இல்லை. மழைக்காலத்தில் இங்கே பாறை காயவே காயாது, ஏறுகிற எல்லாரும் சுவருக்குத்தான் வருவார்கள். கல்லூரிப் பிள்ளைகள், டீ எஸ்டேட் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்கள் என்று எல்லாரும் போட்ட பணம் அது. அதனால்தான் இவ்வளவு கோபம்.

முதலில் கண்ணில் பட்டது கிரேடு பட்டியல். கயிறு இல்லாமல் தாழ்ந்த சுவரில் ஏறும் போல்டரிங்கில் வி0, வி1 என்று ஆரம்பித்து வி10-ஐத் தாண்டியும் கஷ்டம் ஏறிக்கொண்டே போகும். இந்த ஆப்பில் வி1-க்கு அடுத்து வி10 நின்றது, அதற்குப் பிறகுதான் வி2. கிரேடை எண்ணாக வைக்காமல் வெறும் எழுத்தாகச் சேமித்தால் இப்படித்தான் வரிசை வரும். சுவரில் ஒரு நாள் ஏறிப் பார்த்தவர் கூட இதைப் பார்த்ததும் பிடித்துவிடுவார். செய்தவர் பார்க்கவே இல்லை. ஓரிடத்தில் 'டேபிளைத் தேர்ந்தெடுக்கவும்' என்று ஒரு பொத்தான் இருந்தது. ஏதோ ஓட்டல் புக்கிங்குக்குச் செய்ததைத் தூசி தட்டி எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

இதைக்கூடச் சரிசெய்துவிடலாம். அடுத்தது அப்படிப்பட்டதில்லை. உள்ளரங்கச் சுவரில் ரூட், அதாவது ஏறும் வழி, நிரந்தரம் கிடையாது. சில வாரத்துக்கு ஒருமுறை ஹோல்டுகளை, அதாவது சுவரில் முடுக்கிய பிடிகளை, கழற்றிக் கழுவி, வேறு இடத்தில் முடுக்கிப் புது ரூட் செட் செய்வோம். பழைய ரூட் சுவரிலிருந்து போய்விடும், ஆனால் அதை ஏறியவரின் கணக்கில் இருந்தே ஆக வேண்டும். மூன்று மாதம் முன்னால் வி2-வில் திணறிய பெண் இன்று வி4 ஏறுகிறாள் என்பது அந்தக் கணக்கைப் பார்த்தால்தான் தெரியும். ஏறுகிறவர்களுக்கு ஆப் வேண்டியிருப்பதே அதற்காகத்தான். இவர் கொடுத்ததில் ரூட்டை எடுத்தவுடன் அதோடு சேர்ந்து எல்லாருடைய பதிவும் அழிந்துபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓரச் சுவரை மாற்றினோம், அன்று மாலையே பிள்ளைகளின் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. போன் போட்டுக் கேட்டால், "ரூட்டே செவுத்துல இல்லீங்களேண்ணா, அப்புறம் ஏறின பதிவு எதுக்குங்க?" என்கிறார். பேக்கப்பும் இல்லை. க்ளைம்பிங் ஆப் என்று விற்க வந்தவர் பேசுகிற பேச்சா அது!

நெட் இல்லாவிட்டாலும் ஓடும் என்று வாக்குக் கொடுத்ததும் பொய். மழை வலுத்தால் இங்கே கரண்ட்டும் போகும், சிக்னலும் போகும் என்று முதல் நாளே சொல்லியிருந்தோம். அதற்குப் போனிலேயே பதிவைச் சேமித்து வைத்து, சிக்னல் வந்ததும் அனுப்ப வேண்டும். அதற்கான வேலை துளிகூட நடக்கவில்லை. காட்டியதெல்லாம் அவருடைய ஹாட்ஸ்பாட்டில்.

எங்களை உலுக்கியது வேறு. மே மாத வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் பெயர், வயது, பெற்றோர் நம்பர், ஆஸ்துமா உண்டா என்பதுவரை அந்த ஆப்பில் இருந்தது. எங்களிடம் ஏற வரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர் ஒருவர் பார்த்துவிட்டு, தரவுத்தளம் பூட்டே இல்லாமல் கிடக்கிறது என்றார். தரவைச் சேமிக்கும் கூகுள் சேவையான ஃபயர்பேஸில் சோதனைக்காக எல்லாருக்கும் திறந்து வைக்கும் விதி ஒன்று உண்டு, 30 நாளில் தானே காலாவதியாகிவிடும். இவர் அந்தத் தேதியைப் பல வருடம் தள்ளிப் போட்டிருந்தார். முகவரி தெரிந்த எவரும் படிக்கலாம், அழிக்கலாம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரத்துக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சம்மதம் கேட்கும் இடமே அந்த ஆப்பில் இல்லை. நாங்கள் கேட்டு எழுதிக் கொடுத்த பட்டியலில் அது இருந்தது.

சண்டை போட்ட பிறகுதான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. டொமைன், அதாவது ஆப்பின் இணைய முகவரி, அவர் பெயரில் பதிவாகியிருந்தது. அதை மாற்றித்தர இன்னும் நாற்பதாயிரம் கேட்டார். மாதாமாதம் 'சர்வர் வாடகை' என்று வாங்கிக்கொண்டிருந்தது ஃபயர்பேஸின் இலவசத் திட்டத்துக்கு. பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தால், பதிவு எப்போதோ ரத்தாகிவிட்டது. பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவே கூடாது. அந்தப் பணம் அரசாங்கத்துக்கும் போகவில்லை.

சோர்ஸ் கோடை, அதாவது ஆப்பின் நிரலை, கேட்டபோது, "அது என்னோடதுங்க" என்றார். வக்கீலிடம் போனோம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, நம்மிடம் சம்பளத்துக்கு இல்லாத ஒருவர் எழுதிய நிரலுக்கு முதல் சொந்தக்காரர் அவரேதான், எழுத்தில் உரிமையை மாற்றித் தந்தால்தான் அது நமக்கு வரும் என்றார் அவர். அந்த நபர் டைப் செய்து கொண்டுவந்த ஒப்பந்தத்தில் 'முழுமையாக ஒப்படைக்கப்படும்' என்று அழகாக ஒரு வரி இருக்கிறது. உரிமை மாற்றம் பற்றி ஒரு சொல் இல்லை. தெரிந்தே விட்டிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ உங்களிடம் அவர் வந்தால், டெமோவை உங்கள் போனில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு ரூட் சேர்த்து, அதை ஏறியதாகப் பதிந்து, ரூட்டை எடுத்துவிட்டுப் பதிவு நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஃப்ளைட் மோடில் போட்டு அதையே இன்னொரு தடவை செய்யுங்கள். டொமைன், ஹோஸ்டிங் (ஆப் ஓடும் சர்வர் இடம்) இரண்டும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் இருக்கட்டும். உரிமை மாற்றத்தை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு முன்பணம் பேசலாம்.

ஆப்பை இழுத்து மூடியாயிற்று. மே வகுப்புப் பெற்றோர்களைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், சிலருடைய நம்பர் மாறியிருக்கிறது. உங்கள் பிள்ளை அந்த வகுப்புக்கு வந்து, எங்களிடமிருந்து இன்னும் போன் வரவில்லை என்றால், தயவுசெய்து சுவருக்கு நேரில் வந்து கேளுங்கள். எந்தெந்த விவரம் திறந்து கிடந்தது என்று எழுதிவைத்திருக்கிறோம், காட்டுகிறோம்.