க்யூஆர் கோடு: அச்சடித்துப் பல மாதம் கழித்தும் ஸ்கேன் ஆக வேண்டுமானால்

க்யூஆர் கோடு தானாகக் காலாவதி ஆவதில்லை. கருப்பு வெள்ளைக் கட்டங்களுக்குள் இருப்பது வெறும் எழுத்து வரிசைதான். ஒட்டிப் பல மாதம் கழித்துத் திறக்காமல் போனால், பெரும்பாலும் அது போய்ச் சேரும் முகவரியில்தான் கோளாறு இருக்கும்.

இலவச ‘டைனமிக்’ கோடு தரும் தளங்களில் இந்தத் தொல்லை அதிகம். நீங்கள் கொடுத்த முகவரியை அவை கோட்டுக்குள் வைப்பதில்லை. தங்களுடைய குறு முகவரியை வைத்து, அங்கிருந்து உங்கள் பக்கத்துக்குத் திருப்பி விடுகின்றன. சோதனைக் காலம் முடிந்தாலோ சந்தா நின்றாலோ, அச்சடித்த அத்தனை தாளும் வீண். எது எந்த வகை என்று அறிய, உருவாக்கியதுமே ஸ்கேன் செய்து, திறப்பதற்கு முன் போன் காட்டும் முகவரியைப் பாருங்கள். உங்கள் டொமைன் (தளப் பெயர்) தெரியாவிட்டால் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

பின்னாளில் பக்கத்தை மாற்ற வேண்டிவரும் என்றால், சொந்த டொமைனிலேயே ஒரு குறும்பாதை வைத்து அங்கிருந்து திருப்புவதே நல்ல வழி. திருப்பும்போது சர்வர் அனுப்பும் குறியீடாக 302 (‘தற்காலிக மாற்றம்’) கொடுங்கள். 301 ‘நிரந்தர மாற்றம்’ என்று பொருள்படுவதால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் இலக்கை மாற்றினாலும், முன்பு வந்தவர் பழைய பக்கத்துக்கே போவார்.

குறும்பாதையால் இன்னொரு பெரிய பலனும் உண்டு. முகவரி நீளமானால் கட்டங்கள் பெருகும். பிழைதிருத்த அளவு (கோட்டில் ஒரு பகுதி சேதமானாலும் படிக்க உதவும் உபரித் தகவலின் அளவு) ‘எம்’ என்று வைத்தால், 26 எழுத்து வரை 25×25 கட்டத்தில் அடங்கும். முகவரியின் கடைசியில் விளம்பரக் கண்காணிப்பு வால்கள் சேர்ந்து 120 எழுத்தானால் 45×45 ஆகிவிடும். 2 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால் ஒரு கட்டம் 0.8 மி.மீ.யிலிருந்து 0.44 மி.மீ.க்குச் சுருங்கும். மங்கலான வெளிச்சத்திலும் பழைய கேமராவிலும் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தமிழ் எழுத்தில் பாதை வைப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: முகவரியை நகலெடுக்கும்போது ஒவ்வொரு யூனிகோடு குறியும் 9 எழுத்தாக விரிகிறது. ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறி) 45 எழுத்து!

பிழைதிருத்தத்தில், எவ்வளவு சேதத்தைத் தாங்கும் என்பதைப் பொறுத்து நான்கு அளவுகள்: எல் சுமார் 7%, எம் 15%, க்யூ 25%, எச் 30%. கூடினால் நல்லதுதானே என்று எல்லாவற்றுக்கும் எச் வைப்பது தவறு. அதே 26 எழுத்து எச் அளவில் 33×33 ஆகிறது. உள்ளரங்கத் தாளுக்கு எம் போதும். வெயில், மழை, கீறல் படும் இடத்துக்கு க்யூ அல்லது எச். நடுவில் லோகோ வைத்தால் அழுக்குக்கும் கீறலுக்கும் ஒதுக்கிய இருப்பை அது தின்றுவிடுகிறது. லோகோ இல்லாமலிருப்பதே மேல். கட்டாயம் வேண்டுமென்றால் எச் வைத்து, லோகோவைச் சிறிதாக்கி, மூன்று மூலைச் சதுரங்களையும் அவற்றை ஒட்டிய கட்டங்களையும் தொடாமல் விடுங்கள்.

கருவிகளில் முதலிடம் ‘க்யூஆர்என்கோட்’ என்ற கட்டளைவரி நிரலுக்கு. கணக்கு, இணையம் எதுவும் தேவையில்லை. பெரிதாக்கினாலும் மங்காத எஸ்விஜி கோப்பும் தரும். ஆனால் அதன் இயல்பான பிழைதிருத்த அளவு எல்; அதை எம் என்று நாம்தான் மாற்ற வேண்டும். லிப்ரெ ஆபிஸ் 6.4 முதல் ஆவணத்துக்குள்ளேயே கோடு செருகலாம், பிழைதிருத்த அளவையும் தேர்ந்தெடுக்கலாம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை நிரலிலும் கோடு செருகும் வசதி உண்டு. குரோம் பிரவுசர் தருவது நடுவில் டைனோசர் உட்கார்ந்த பிஎன்ஜி படம். திரையில் காட்டச் சரி, அச்சுக்கு வேண்டாம். ஜேபெக்கை எதற்குமே எடுக்காதீர்கள், கட்ட ஓரங்கள் கலங்கிவிடும்.

வடிவமைப்பில் அடிக்கடி பலியாவது சுற்றியுள்ள வெள்ளை விளிம்பு. நான்கு பக்கமும் 4 கட்ட அகலம் கட்டாயம் வேண்டும், 0.8 மி.மீ. கட்டத்துக்கு அது 3.2 மி.மீ. அதற்குள் எழுத்தோ வரைகோடோ நுழைந்தால் கேமரா எல்லையைத் தேடித் தடுமாறும். கருப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டம் வைப்பதையும் தவிருங்கள், சில செயலிகள் படிப்பதில்லை. அகலத்துக்கு நடைமுறைக் கணக்கு, ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு: 2 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 20 செ.மீ.

மொத்தமாக அச்சிடும் முன் அசல் அளவில், அசல் தாளில் ஒரு பிரதி எடுத்து இரண்டு மூன்று வகைப் போன்களில் பாருங்கள். பளபளப்பான லேமினேஷன் விளக்கொளியைத் திருப்பியடித்துக் கட்டங்களை மறைக்கும். மேட் பூச்சு அந்தச் சிக்கலைத் தராது. கோட்டுக்குக் கீழே முகவரியை எழுத்திலும் அச்சிடுங்கள். கேமரா கைவிட்டாலும் தட்டச்சு செய்து வரலாம். யாராவது மேலே வேறு கோட்டை ஒட்டிவிட்டால், போனில் தெரியும் முகவரி பொருந்தவில்லை என்பதையும் அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.