பென் டேப்லெட்: பேனா, கூடவே வரும் மவுஸ், சாதா வயர்லெஸ் மவுஸ்

மதுரையில் கல்யாணப் பத்திரிகை, பிளக்ஸ், சுங்குடி பிரிண்ட் எல்லாம் ஒரே மேசையில் நடக்கிற டிசைன் கடைக்குப் பென் டேப்லெட்டின் (கம்ப்யூட்டரோடு இணைத்துப் பேனாவால் வரையும் பலகை) பேனாவும் வேண்டும், மவுஸும் வேண்டும். எந்த மவுஸ் என்பதில்தான் காசு வீணாகிறது.

மணப்பெண் போட்டோவில் முடிக்கற்றையைப் பின்னணியிலிருந்து பிரிக்கப் பேனாதான் சரி. அழுத்தினால் பிரஷ் தடிக்கும், தளர்த்தினால் மெலியும். மவுஸில் அந்த அழுத்தமே கிடையாது. ஆனால் கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் ஒரு சுங்குடிப் புள்ளியைப் போட்டு வரிசையாக அடுக்கவும், நோடுகளை (கோட்டின் வடிவை மாற்றும் புள்ளிகள்) பிடித்து நகர்த்தவும் மவுஸே மேல். பேனாவால் தட்டும்போது முனை ஒரு நூல் வழுக்கினாலும் நோடும் கூடவே போய்விடும்.

2007-இல் வந்த வேகாம் பாம்பூ ஃபன் போன்ற பழைய டேப்லெட்டுகளோடு கம்பியில்லா மவுஸும் கிடைத்தது. செகண்ட் ஹேண்டில் ஜோடியாகப் பார்த்தால் ஆசை வரும். பலகைக்கு அடியிலுள்ள மின்காந்தப் புலத்திலேயே இயங்குவதால் அதற்கு பேட்டரி செலவில்லை. ஆனால் பலகையை விட்டு இறங்கினால் ஓடாது. பலகையைச் சாய்த்து வைத்தால் கர்சரும் சாய்ந்தே போகும், ஏனென்றால் திசையைத் தருவது மவுஸ் அல்ல, பலகை. மவுஸை லேசாகத் தூக்கி நகர்த்தினாலும் கர்சர் நிற்காது. சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரம் வரை பலகை அதை உணர்கிறது. பேனாவைப் பலகைமேலேயே போட்டுவிட்டு மவுஸைத் தொட்டால் கர்சர் நடுங்கும். அன்றாட வேலைக்கு இது ஒத்துவராது.

அதைவிடச் சாதா வயர்லெஸ் மவுஸை டேப்லெட்டுக்கு வலப்பக்கம் வைத்துக்கொள்வது நல்லது. அது திக்கித் திக்கி ஓடினால் பேட்டரியை மட்டும் சந்தேகிக்காதீர்கள். யு.எஸ்.பி 3 போர்ட்டின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும். மவுஸின் ரிசீவரை (கம்ப்யூட்டரில் செருகும் சிறு துண்டு) யு.எஸ்.பி 2 போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சிறு எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள்.

பேனா பக்கம் முதலில் பார்க்க வேண்டியது மேப்பிங், அதாவது பலகையின் எந்தப் பகுதி திரையின் எந்தப் பகுதிக்கு என்ற பொருத்தம். அகல-உயர விகிதம் 16:10 உள்ள பலகையை 16:9 திரைக்கு அப்படியே விரித்தால் கையால் போட்ட வட்டம் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு அகன்று முட்டையாகும். டேப்லெட்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில் விகிதத்தைப் பூட்டுங்கள். இரண்டு மானிட்டர் இருந்தால் ஒன்றுக்கு மட்டும் ஒதுக்குங்கள். கோடு தொடங்கும்போது வளையம் தோன்றித் தாமதித்தால், அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் ஆகும் விண்டோஸ் வசதியை நிறுத்துங்கள். பேனாவுக்கான விண்டோஸ் வசதியான விண்டோஸ் இங்க்கையே நிறுத்திவிட்டால் போட்டோஷாப்பில் அழுத்தம் போய்விடும், கவனம். இரும்பு மேசையில் கர்சர் துள்ளினால் அடியில் பிளைவுட் போடுங்கள். பேனாவின் நிப் (முனை) உளிபோல் ஒரு பக்கம் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள், இல்லையென்றால் பலகையில் கீறல் விழும். சித்திரை வெயிலில் உள்ளங்கை வியர்த்து ஒட்டினால் இரண்டு விரலை மூடும் கையுறை போதும்.

பழைய ஜோடியே மலிவாகக் கிடைக்கிறதென்றால், பணம் கொடுக்குமுன் அந்த மாடலின் டிரைவர் உங்கள் விண்டோஸில் ஓடுகிறதா என்று பாருங்கள். இப்போதைய வேகாம் டிரைவர் அவற்றை ஏற்பதில்லை.