ஜிப்சம் பூச்சு: ஆறு வருடத்துக்குப் பிறகு

போன வாரம் படுக்கையறைச் சுவரில் இரண்டடி உயரத்துக்கு, சிமென்டுக்குப் பதிலாகப் பூசியிருந்த ஜிப்சம் பூச்சைக் கொத்தி எடுத்தோம். வீடெல்லாம் வெள்ளைத் தூசி. அந்த நேரம் பார்த்து நண்பன் போன் செய்து, "புது வீட்டுக்கு ஜிப்சம் போடலாமாடா?" என்றான்.

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன். மற்ற சுவர்கள் இன்றைக்கும் கை வைத்தால் வழுக்குகின்றன. பட்டி பார்க்கவே இல்லை. பிரைமர் அடித்து நேராகப் பெயிண்ட்தான். தலைமுடி விரிசல்கூடக் கிடையாது. சிமென்ட் பூச்சென்றால் ஒரு வாரமாவது தண்ணீர் அடித்திருக்க வேண்டும், அப்போது எங்கள் தெருவில் லாரித் தண்ணீர்தான். இதற்கு அந்தத் தலைவலியே இல்லை.

பூசிய சுவரை அரை மணி நேரத்தில் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. மூட்டையில் வருவது ஜிப்சம் என்ற கனிமத்தைச் சுமார் 150 டிகிரியில் சுட்டு, அதன் படிகத்துக்குள் அடங்கிய நீரில் முக்கால் பங்கை விரட்டிய பொடி. தண்ணீர் விட்டதும் இழந்ததைத் திரும்ப இழுத்துக்கொண்டு ஊசி ஊசியான படிகங்களாகப் பின்னிக்கொள்கிறது. அந்தச் சூடு அப்படி வருவது. இறுகிய ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்! தீப்பிடித்தால் முதலில் அந்த நீர் ஆவியாக வேண்டும், அதுவரை நெருப்புக்குத் தாக்குப்பிடிக்கும்.

இவ்வளவு தண்ணீரைக் குடித்த சாமானுக்கு, வெளியிலிருந்து கொஞ்சம் ஓதம் வந்தால் தாங்கவில்லை. ஜிப்சம் லிட்டருக்கு இரண்டு கிராமுக்குமேல் கரையும். கரையும் முன்பே நனைந்து தொளதொளத்துவிடும். குளியலறைக்குள் கூடாதென்று எல்லாரும் சொன்னார்கள், அங்கே சிமென்ட்தான் பூசினோம். குளியலறைச் சுவருக்கு மறுபக்கம் ஒன்று உண்டு என்பதை ஒருவரும் சொல்லவில்லை. குழாய் கசிந்து, படுக்கையறைப் பக்கம் பெயிண்ட் உப்பி, விரலால் அழுத்தினால் கெட்டித் தயிர் மாதிரி உள்ளே போனது. கடிகாரம் மாட்டிய ஆணியும் துருப்பிடித்துக் கோடு போட்டிருந்தது. சிமென்டின் காரத்தன்மை இரும்பைக் காக்கும், ஜிப்சத்துக்கு அந்தக் குணம் இல்லை.

பிளம்பர் பூச்சுக்காரரைக் கை காட்டினார், அவர் பிளம்பரை. நியாயமாகப் பார்த்தால் குற்றம் குழாய் மேல்தான். ஆனால் சிமென்டாக இருந்திருந்தால் பெயிண்ட் உரிவதோடு போயிருக்கும். இப்போது அந்த இரண்டடிக்கு நீர்த்தடுப்பு அடித்துச் சிமென்ட் பூசியாயிற்று. ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி தெரிகிறது.

நண்பனிடம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹாலில் அந்த வழவழப்பான சுவரில் சாய்ந்துகொண்டுதான் சொன்னேன்.