ஒயர்லெஸ் பேக்லிட் கீபோர்டு: மெம்பிரேனா, புளூடூத் மெக்கானிக்கலா, டாங்கிள் கேமிங்கா?

வேலை முடிந்து ராத்திரி கொஞ்ச நேரம் விளையாடுபவர் கீபோர்டு வாங்கப் போனால், முதலில் எழும் கேள்வி "மெக்கானிக்கலா, மெம்பிரேனா?" என்பதுதான். ஒவ்வொரு கீக்கும் தனி சுவிட்ச் இருந்தால் மெக்கானிக்கல், எல்லா கீக்கும் அடியில் ஒரே மெல்லிய தாள் இருந்தால் மெம்பிரேன். ஒயர்லெஸ்ஸைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி. கம்ப்யூட்டரோடு எப்படி இணைகிறது, கீக்கு அடியில் இருக்கும் விளக்கு (பேக்லைட்) எரிந்தால் சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்பவற்றை முதலில் பாருங்கள்.

டாங்கிளோடு (யுஎஸ்பி துளையில் செருகும் சின்ன ரிசீவர்) வரும் மெம்பிரேன் கீபோர்டு விலை குறைவு, சத்தமும் குறைவு. டைப்பிங்குக்குத் தாராளமாகப் போதும். விளையாட்டில்தான் சிக்கல். மேல் அம்புக்குறியையும் இடது அம்புக்குறியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டிப் பாருங்கள். பல மெம்பிரேன் கீபோர்டுகளில் அந்த மூன்றாவது கீ பதிவாகவே ஆகாது. கார் ரேஸில் வண்டி திரும்பும், திடீர் வேகம் தரும் நைட்ரோ கிளம்பாது. உள்ளே இருக்கும் மின்சுற்றின் அமைப்பே அப்படி. எந்த செட்டிங்கை மாற்றினாலும் சரியாகாது. விளக்கும் பெரும்பாலும் மொத்தமாகத்தான் எரியும்.

அடுத்தது புளூடூத் மெக்கானிக்கல். கீக்ரான் கே2 இதற்கு நல்ல உதாரணம். தகவல் அனுப்பும் வேகம் ஒயரில் 1000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 1000 முறை), புளூடூத்தில் 90 ஹெர்ட்ஸ். அதாவது ஒயர் இல்லாதபோது சுமார் 11 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் தகவல் போகும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் கிட்டத்தட்ட 17 மில்லிசெகண்ட் நிற்கிறது என்பதால், கார் ரேஸ், விவசாய கேம், புதிர் ஆடுபவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. துப்பாக்கிச் சண்டையும் தாளத்துக்குத் தட்டும் கேமும் ஆடுகிறவர்களுக்கு மட்டும் உறுத்தும். என்னைக் கேட்டால், அந்த 11 மில்லிசெகண்டைவிட எரிச்சல் தருவது தூக்கம். சார்ஜை மிச்சம் பிடிக்க கீபோர்டு தூங்கிவிடும். கேமின் நடுவே ஓடும் கதைக் காட்சி (கட்சீன்) முடிந்து நீங்கள் தட்டும் முதல் கீ, அது மறுபடி இணைவதற்குள் காணாமல் போகும். விளக்கும் அணைந்திருப்பதால் இருட்டில் விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தூங்கும் நேரத்தை மாற்ற வழி இருக்கிறதா என்று வாங்கும்முன் விசாரியுங்கள்.

மூன்றாவது, லாஜிடெக் ஜி915 மாதிரி 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் வைத்த கேமிங் கீபோர்டு. ஒரு மில்லிசெகண்டில் தகவல் போய்விடும், ஒயருக்கும் இதற்கும் கையில் வித்தியாசம் தெரியாது. கீயை 1.5 மில்லிமீட்டர் அழுத்தினாலே பதிவாகிறது. பல மெக்கானிக்கல் கீபோர்டுகளில் இருக்கும் செர்ரி எம்எக்ஸ் ரெட் சுவிட்சில் அது 2 மில்லிமீட்டர். அவ்வப்போது விளையாடுபவருக்கு இந்த அரை மில்லிமீட்டருக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

பேட்டரிக் கணக்கில் எல்லாருமே ஏமாறும் இடம் விளக்குதான். ஜி915-இல் முழு வெளிச்சம் வைத்தால் 30 மணி நேரம். விளக்கை அணைத்துவிட்டால், தினம் 8 மணி நேரம் பயன்படுத்தினாலும் 135 நாள் வரும் என்கிறது நிறுவனம். தகவல் அனுப்பும் ரேடியோ சாப்பிடுவது கொஞ்சம்தான், விளக்குதான் மொத்தத்தையும் விழுங்குகிறது. விளக்கே இல்லாத ஜி613, இரண்டு ஏஏ பேட்டரியில் 18 மாதம் ஓடும் என்று சொல்லித்தான் விற்கப்பட்டது. ஆகவே வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைக்க முடிகிற மாடலைத்தான் எடுக்க வேண்டும். இருட்டறையில் கால்வாசி வெளிச்சமே தாராளம்.

அப்புறம் கீகேப், அதாவது எழுத்து அச்சிட்ட கீயின் மேல்மூடி. எழுத்து வழியாக வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். சில அழகான கீகேப்களில் ஓரத்தில் மட்டும் வெளிச்சம் கசியும், எழுத்து கருப்பாகவே கிடக்கும். அப்படிப்பட்ட பேக்லைட் படம் எடுக்கத்தான் உதவும்.

நான் கை காட்டுவது, ஒயர், புளூடூத், டாங்கிள் மூன்றும் உள்ள நடுத்தர மெக்கானிக்கலை. வேலைக்குப் புளூடூத், விளையாட்டுக்கு டாங்கிள். விலை உங்கள் பட்ஜெட்டைத் தாண்டினால், பல வண்ணத்தை விட்டுவிட்டு வெள்ளை விளக்கு மாடலுக்கு இறங்குங்கள், டாங்கிளை விட்டுக்கொடுக்காதீர்கள். டாங்கிளை கம்ப்யூட்டரின் பின்பக்கம், யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்குக்குப் பக்கத்தில் செருக வேண்டாம். யுஎஸ்பி 3.0 கிளப்பும் இரைச்சல் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுந்து, கீ விட்டுவிட்டுப் பதிவாகும். சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு மேசைக்கு மேலே கொண்டுவந்துவிடுங்கள்.