ஆர்க்கை யார் நன்றாக அணைக்கிறார்கள்? காற்று, எண்ணெய், எஸ்எஃப்6, வெற்றிடம்

மின்சுற்றைத் துண்டிக்கும் சாதனமான பிரேக்கரில், தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகக் கான்டாக்டுகள் விலகும்போது பரப்பு முழுவதும் ஒரே சமயத்தில் விடுபடுவதில்லை. கடைசியாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு புள்ளி வழியே அத்தனை மின்னோட்டமும் நெருக்கியடித்துப் பாய, அந்தப் புள்ளி உருகி ஆவியாகிறது. அந்த உலோக ஆவியும் சுற்றியுள்ள வாயுவும் அயனியாகி, விலகிய இடைவெளியில் மின்சாரத்துக்கு ஒரு புதுப் பாதை உண்டாகிறது. அதுதான் மின்வில். வேலை செய்கிறவர்கள் வாயில் அது ஆர்க். அதன் நடுப்பகுதி 6,000 முதல் 20,000 கெல்வின் வரை கொதிக்கும். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,800 கெல்வின்தான்.

இதை எப்படி அணைப்பது? ஊதி, இழுத்து, குளிரவைத்து என்று பதில் வரும். பாதி சரி. திசை மாறி மாறிப் பாயும் ஏசியில் மின்னோட்டம் தானாகவே பூஜ்ஜியத்துக்கு இறங்கி ஏறுகிறது, 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 முறை. அந்தக் கணத்தில் ஆர்க்குக்குத் தீனி இல்லை, அதுவே அடங்கிவிடும். அடங்கியது மறுபடி பற்றிக்கொள்ளாமல் பார்ப்பதுதான் பிரேக்கரின் முக்கிய வேலை. பூஜ்ஜியம் தாண்டியதும் கான்டாக்டுகளுக்கு நடுவே மின்னழுத்தம் மைக்ரோநொடிக் கணக்கில் ஏறத் தொடங்கும். அதே நேரத்தில் சூடு ஆறி, இடைவெளியும் தன் தாங்குதிறனை மீட்டுக்கொண்டிருக்கும். எது முந்துகிறதோ அது ஜெயிக்கிறது. அமெரிக்க மின்பொறியாளர் ஜோசப் ஸ்லெப்பியன் 1928இல் இதை ஓட்டப்பந்தயமாகவே விளக்கினார். இன்றும் அதைவிட எளிய விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆர்க்கே வராமல் துண்டித்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. டிரான்ஸ்ஃபார்மரிலும் நீண்ட லைனிலும் காந்தப்புலமாகச் சேர்ந்திருக்கும் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். மின்னோட்டத்தைச் சட்டென்று வெட்டினால் அது பெரிய மின்னழுத்தமாக எகிறி மின்காப்பைக் கிழிக்கும். பூஜ்ஜியம் வரும்வரை மின்னோட்டத்துக்கு வழி விட்டு வைத்திருப்பது அந்த ஆர்க்தான்.

சரி, இனி போட்டியாளர்கள்.

காற்றைக் குறைவாக எடைபோடுகிறவர்கள் அதிகம். விநியோகப் பெட்டியில் இருக்கும் எம்சிபி என்ற சின்ன பிரேக்கரைப் பிரித்துப் பார்த்தால், ஒரு மூலையில் சீப்பின் பல்போல் எஃகுத் தகடுகள் அடுக்கியிருக்கும். அதுதான் ஆர்க் ஷூட். ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலமே ஆர்க்கை அந்தத் தகடுகளுக்குள் தள்ளுகிறது. உள்ளே போனதும் ஒரே ஆர்க் பத்துப் பதினைந்து குட்டி ஆர்க்குகளாக உடைகிறது. ஒவ்வொரு குட்டி ஆர்க்கும் உயிரோடு இருக்கவே 20 முதல் 30 வோல்ட் வரை கேட்கும். எல்லாவற்றையும் கூட்டினால் சில நூறு வோல்ட். சப்ளை கொடுப்பதைவிட ஆர்க் கேட்பது அதிகமாகிவிட்டால் மின்னோட்டம் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். ஆக, இங்கே பூஜ்ஜியத்துக்காகக் காத்திருப்பதுகூட இல்லை. பிழை மின்னோட்டம் தன் உச்சத்தைத் தொடும் முன்பே அமுக்கப்படுகிறது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி செய்யும் இந்த வேலையைப் பெரிய பிரேக்கர்கள் பலவும் செய்வதில்லை.

ஆனால் இந்த வித்தை உயரம் ஏறாது. பல்லாயிரம் வோல்ட்டுக்கு எத்தனை தகடு அடுக்குவது? அழுத்திய காற்றைப் பீறிட்டு ஊதும் ஏர் பிளாஸ்ட் வகை ஒரு காலத்தில் மிக உயர் மின்னழுத்தத்தில் கோலோச்சியது. கம்ப்ரசர், தொட்டி, வால்வு, துப்பாக்கி வெடித்தாற்போல் சத்தம் என்று அதன் பரிவாரம் பெரிது. இன்று அதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

எண்ணெயின் கதை விசித்திரமானது. எரியக்கூடிய ஒரு திரவத்துக்குள் பல்லாயிரம் டிகிரி ஆர்க்கை உண்டாக்குகிறோம், அதுவே அணைக்கிறது! சூட்டில் எண்ணெய் சிதைந்து வாயுக் குமிழி உண்டாகிறது. அதில் பெரும்பங்கு, ஏறக்குறைய 70 சதவீதம், ஹைட்ரஜன். வெப்பத்தைக் கடத்திக்கொண்டு போவதில் ஹைட்ரஜன் சூரன், காற்றைவிடப் பல மடங்கு. குமிழிக்குள் ஆக்சிஜன் இல்லாததால் தீப்பிடிப்பதில்லை. ஆர்க் தன்னை அணைக்கும் வாயுவைத் தானே தயாரித்துக்கொள்கிறது என்பதை நினைத்தால் அழகாகத்தான் இருக்கிறது. பராமரிக்கிறவருக்கு அந்த அழகு தெரியாது. ஒவ்வொரு ட்ரிப்புக்கும், அதாவது துண்டிப்புக்கும், எண்ணெயில் கரி சேர்ந்து கறுக்கும். வடிகட்ட வேண்டும், மாற்ற வேண்டும். தொட்டி பிளந்து அந்த ஹைட்ரஜன் வெளிக்காற்றோடு கலந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வாங்குவோர் பட்டியலிலிருந்து எண்ணெயை அடித்துவிடலாம்.

உண்மையான போட்டி அப்புறம்தான்: எஸ்எஃப்6க்கும் வெற்றிடத்துக்கும்.

எஸ்எஃப்6 என்பது சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயு. சுதந்திரமாகத் திரியும் எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்வது இதன் சுபாவம். பிடிபட்ட எலக்ட்ரான் கனமான மூலக்கூறோடு ஒட்டி மந்தமாகிவிடுவதால், இடைவெளி சீக்கிரமே காப்பாக மாறுகிறது. ஒரே அழுத்தத்தில் காற்றைவிட இரண்டரை மடங்குக்குக் குறையாத மின்காப்புத் திறன் இதற்கு உண்டு. இந்த வாயு பிரேக்கர்களில் பஃபர் என்ற வகையில், கான்டாக்ட் நகரும்போதே ஒரு சிலிண்டர் வாயுவை அமுக்கி ஆர்க்கின் மேல் பீய்ச்சுகிறது. செல்ஃப் பிளாஸ்ட் வகையில் அமுக்கும் வேலையில் பெரும்பகுதியை ஆர்க்கின் சூடே செய்துவிடுகிறது; அதனால் இயக்கும் ஸ்பிரிங் சிறியதாக இருந்தால் போதும். 420 கிலோவோல்ட்டுக்குக்கூட ஒரு துருவத்துக்கு (ஒரு ஃபேஸுக்கு) ஆர்க்கை அணைக்கும் ஒரே அறை போதும் என்ற நிலைக்கு வந்தது இந்த வாயுவால்தான்.

குற்றப்பட்டியலும் நீளம். ஆர்க்கில் சிதைந்த எஸ்எஃப்6 நச்சுப் பொருள்களைத் தரும். பழைய அறையைத் திறந்தால் உள்ளே படிந்திருக்கும் வெள்ளைப் பொடியை வெறுங்கையால் தொடக் கூடாது. கடுங்குளிரில் வாயு திரவமாகத் தொடங்கும். எல்லாவற்றையும் விடப் பெரிய பிரச்சினை கசிவு. 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 23,500 மடங்கு புவி வெப்பத்தைக் கூட்டும் வாயு இது. புவியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைப்பதற்கான 1997 கியோட்டோ நெறிமுறையிலேயே இதன் பெயர் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம், சில விலக்குகளோடு, 24 கிலோவோல்ட் வரையிலான புதிய சுவிட்ச்கியரில் (பிரேக்கரும் அதைச் சேர்ந்த சாதனங்களும்) இத்தகைய ஃபுளோரின் வாயுக்களை 2026 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது.

வெற்றிடத்தில் எரிய எதுவுமே இல்லையே, ஆர்க் எப்படி வரும்? கான்டாக்ட் உலோகத்தின் ஆவியே ஆர்க் ஆகிறது. மின்னோட்டம் பூஜ்ஜியத்தைத் தொட்டதும் ஆவி உற்பத்தி நின்றுபோகும். மிதந்துகொண்டிருந்த ஆவி சுற்றியுள்ள உலோகக் கவசத்தில் மைக்ரோநொடிகளில் படிந்துவிடும். மிஞ்சுவது மறுபடி வெற்றிடம். ஓட்டப்பந்தயத்தில் இவ்வளவு வேகமாக மீள்வது வேறு எதுவுமில்லை. அதனால்தான் பதினோராயிரம் வோல்ட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு இடைவெளி போதுமானதாக இருக்கிறது. கலிஃபோர்னியாவில் சோரன்சன், மெண்டன்ஹால் என்ற இரு ஆய்வாளர்கள் 1926இலேயே இதைச் செய்து காட்டினார்கள். ஆனால் பல்லாண்டு காலம் வெற்றிடம் கெடாத குடுவை செய்யும் கலை கைவராததால், வணிகத்துக்கு வர 1960கள் வரை ஆனது.

இதற்கும் குணக்கேடுகள் உண்டு. பெரிய மின்னோட்டத்தில் ஆர்க் ஒரே இடத்தில் குவிந்து கான்டாக்டைக் குழி பறிக்கும். அதற்காகச் சுருள் வடிவில் வெட்டு போட்டு, ஆர்க்கைத் தன் காந்தப்புலத்தாலேயே சுற்றி ஓட வைக்கிறார்கள். அல்லது நீளவாக்கில் காந்தப்புலம் கொடுத்துப் பரவலாக வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, சில ஆம்பியர் மட்டும் மிஞ்சியிருக்கும்போது பூஜ்ஜியத்துக்கு முன்பே மின்னோட்டத்தை வெடுக்கென வெட்டிவிடும் பழக்கம். மேலே சொன்ன மின்னழுத்த எகிறல் இங்கேதான் வரும். தாமிரமும் குரோமியமும் கலந்த கான்டாக்டுகள் இதை வெகுவாகக் குறைத்துவிட்டன. இருந்தாலும் மோட்டார்களை ஓட்டும் பிரேக்கரில், எகிறும் மின்னழுத்தத்தை அடக்கும் சர்ஜ் அரெஸ்டர் வைப்பது நல்லது. எஸ்எஃப்6 கசிந்தால் அழுத்தமானி காட்டிக்கொடுக்கும், வெற்றிடக் குடுவை கசிந்தால் வெளியே எதுவும் தெரியாது. உயர் மின்னழுத்தச் சோதனை செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

என் கணக்கு இது: ஆயிரம் வோல்ட் வரை காற்று. அங்கிருந்து 36 கிலோவோல்ட் வரை வெற்றிடம், வாதமே வேண்டாம். அதற்கு மேல் வெற்றிடத்துக்கு மூச்சு வாங்குகிறது. இடைவெளியை இரட்டிப்பாக்கினால் தாங்குதிறன் இரட்டிப்பாவதில்லை. 145 கிலோவோல்ட் வரை இப்போது எட்டியிருக்கிறது. அதைத் தாண்டினால், மனமில்லாவிட்டாலும், பெரும்பாலும் எஸ்எஃப்6தான். கார்பன் டை ஆக்சைடோடு ஃபுளோரோநைட்ரைல் கலந்த மாற்று வாயு மெல்ல உள்ளே வருகிறது.

ஒரே திசையில் பாயும் டிசிக்கு வந்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடும். அங்கே பூஜ்ஜியமே கிடையாது, காத்திருந்து பயனில்லை. வெற்றிட ஆர்க் உயிரோடிருக்கச் சில பத்து வோல்ட் போதும். அதை வைத்துக்கொண்டு டிசி சப்ளையை எதிர்க்க முடியாது. ஆர்க் கேட்கும் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகத் தெரிந்த எளிய காற்றும் தகடும்தான் சோலார் பேனல் இணைப்புகளில் ஜெயிக்கின்றன. அதற்காக ஏசி எம்சிபியை எடுத்து டிசியில் போடக் கூடாது. குறைந்த மின்னோட்டத்தில் ஆர்க்கைத் தகட்டுக்குள் தள்ள ஆளில்லாமல் கான்டாக்டிலேயே நின்று எரியும். டிசி எம்சிபிகள் பலவற்றில் அந்தத் தள்ளும் வேலைக்கு நிரந்தரக் காந்தம் இருக்கும். அப்படிப்பட்டதில் பிளஸ், மைனஸ் குறியைப் பார்க்காமல் வயரை மாற்றிக் கொடுத்தால், அதே காந்தம் ஆர்க்கைத் தகடுகளுக்கு எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். ட்ரிப் ஆன பிறகும் பெட்டி எரிவது அப்படித்தான்.