புக்கெட்டில் கப்பலிலிருந்து இறங்குபவர்கள் கவனத்துக்கு: ஜெட் ஸ்கி கீறல் மோசடி

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் குரூஸ் கப்பல்கள் தாய்லாந்தின் புக்கெட் தீவில் ஒரு பகல் நிற்பதுண்டு. பதோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டால், டெண்டர் எனப்படும் சிறு படகில்தான் கரைக்கு வர வேண்டும். மணலில் கால் வைத்ததுமே ஜெட் ஸ்கியை (தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டர் போன்ற வண்டி) வாடகைக்கு விடும் ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள்.

வாடகை குறைவாகத்தான் சொல்வார்கள். பிள்ளைகள் அரை மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்பியதும் வண்டியைக் கரைக்கு இழுத்துச் சாய்ப்பார்கள். அடிப்பாகத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். "நீங்கள்தான் இடித்தீர்கள்." கீறல் பழையது. வண்டி தண்ணீரில் மிதக்கும்போது அடிப்பாகம் யார் கண்ணுக்கும் படாது. தண்ணீரில் கரையும் பூச்சைத் தடவி மறைப்பதும் உண்டு. ரிப்பேர், பெயின்ட், வண்டி ஓடாத நாட்களின் வாடகை என்று கணக்கு பல்லாயிரம் பாட் (தாய்லாந்து நாணயம்) வரை போய்விடும். சமாதானம் பேச வருகிற 'நல்ல மனிதரும்' அநேகமாக அவர்கள் கூட்டாளியே.

ஹோட்டலில் தங்கியிருப்பவர் மறுநாள்வரை மல்லுக்கட்டலாம். கப்பல் பயணியால் முடியாது. சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும். பேச்சை இழுத்தடிப்பதே அதற்காகத்தான். எந்தக் கப்பல், எத்தனை மணிக்கு என்று சாதாரணமாக விசாரித்தால்கூடச் சொல்லாதீர்கள்.

ஓட்டாமல் இருப்பதே உத்தமம். பிள்ளைகள் விடவில்லை என்றால், வண்டி தண்ணீரில் இறங்கும் முன் அடிப்பாகம் உட்பட நாலாபுறமும் வீடியோ எடுங்கள். வாடகைக்காரர் முகமும் அதில் விழட்டும். வீடியோவுக்கு மறுத்தால் அப்படியே நடையைக் கட்டுங்கள். பாஸ்போர்ட்டையோ கப்பலில் ஏறக் காட்டும் அட்டையான கப்பல் கார்டையோ டெபாசிட்டாகக் கொடுக்கவே கூடாது. தகராறு முற்றினால் சுற்றுலா போலீஸ் எண் 1155. வாடகைக்காரர்கள் கண்ணெதிரே அந்த எண்ணை அழைத்தாலே தொகை இறங்குவதுண்டு.

இதைவிடப் பெரிய ஆபத்து கடிகாரம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட 1 மணி நேரம் பின்னால். கரை சிக்னல் கிடைத்ததும் போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். போனில் 4 மணி என்றால் கப்பலில் 5. இறங்கும் முன் கப்பலில் தரும் அன்றைய நிகழ்ச்சித்தாளைப் பார்த்து, ஒரு கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே விட்டுவிடுங்கள். கப்பல் கிளம்பும் நேரம் வேறு, கடைசி டெண்டர் நேரம் வேறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அதற்கும் வரிசை நீளும் என்பதால் ஒரு மணி நேரம் முன்பே படகுத்துறையில் நில்லுங்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்குக் காத்திருக்காது.

புக்கெட் துக்-துக் நான்கு சக்கர குட்டி வேன், மீட்டர் கிடையாது. சொன்ன தொகை ஆளுக்கா வண்டிக்கா, போகவா போய்வரவா என்று ஏறுமுன் தெளிவாகக் கேளுங்கள். வழியில் நகைக்கடை, தையல்கடை என்று நிறுத்தினால் அது கமிஷனுக்காக. பறிபோவது உங்கள் நேரம்.

மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தக் கரையில் அலை மோசமாக இருக்கும். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் ஆழம்கூட வேண்டாம். அலை மிஞ்சினால் டெண்டரையே ரத்து செய்துவிடுவார்கள். வெளி ஆளிடம் முன்பணம் முழுவதும் கட்டிய சுற்றுலாவுக்குக் கப்பல் பொறுப்பேற்காது. ஆகவே கப்பல் வராவிட்டால் பணம் திரும்ப வரும் என்று எழுத்தில் தருபவரிடம் மட்டும் பதிவு செய்யுங்கள்.