பழைய மேஸர் சூப்பர் ஜாலி கிரைண்டர் – எங்க காபி கடையில ரெண்டு வருஷம் ஓட்டுன கதை

"கிரைண்டர் ஒண்ணு வாங்கணும், கிட்டத்தட்ட அறுபதாயிரம் ஆகும்"னு வீட்ல சொன்னப்ப அம்மா கேட்ட முதல் கேள்வி "எத்தன லிட்டரு கண்ணு, டேபிள்டாப்பா டில்டிங்கா?"ங்கறதுதான். தப்பே இல்ல. கோயமுத்தூர்ல கிரைண்டர்னா மாவாட்டறதுதானே, அதுக்கு புவிசார் குறியீடே வாங்கி வெச்சிருக்கற ஊரு இது. காபிக்கொட்டை அரைக்கறதுக்குன்னு சொன்னதும், "மிக்ஸில போட்டா ஆகாதா?"ன்னாங்க. ஆகாதும்மான்னு சொல்லிட்டேனே ஒழிய, ஏன் ஆகாதுன்னு எனக்கே முழுசா புரியறதுக்கு இன்னும் ஆறு மாசம் ஆச்சு.

எங்க கடை சின்னது. பதினாலு சீட்டு, ரெண்டு குரூப் எஸ்பிரெஸோ மெஷின் (ஒரே நேரத்துல ரெண்டு பக்கம் காபி இறக்கறது) ஒண்ணு. காலைல ஏழுலருந்து பத்து வரைக்கும் கூட்டம், சாயங்காலம் அஞ்சுலருந்து எட்டு வரைக்கும் கூட்டம், நடுவுல ஈ ஓட்டற வேலைதான். இந்த நடு நேரத்த ஞாபகம் வெச்சுக்கோங்க, இந்த கிரைண்டரப் பத்தி நான் சொல்லப்போற நல்லது கெட்டது எல்லாமே கடைசில அங்கதான் வந்து நிக்கும்.

ஆரம்பத்துல எல்லாரும் பண்ற தப்பதான் நானும் பண்ணுனேன், காசெல்லாம் மெஷின்ல கொட்டிட்டு கிரைண்டருக்கு மிச்சம் இருந்ததுல வீட்டு உபயோகத்துக்கு வர்ற ஒரு சின்னத வாங்கி வெச்சேன். அதுல சைஸ் மாத்தறது கிளிக் கிளிக்கா போகும். ஒரு கிளிக்ல ஷாட்டு, அதாவது ஒரு தடவ இறக்கற எஸ்பிரெஸோ, 18 செகண்டுல தண்ணியா ஓடிரும், அடுத்த கிளிக்ல 40 செகண்டு ஆகியும் சொட்டு சொட்டா விழும், எனக்கு வேண்டியது ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு, ஆனா அங்க கிளிக்கு இல்ல. இருபது ஷாட்டு தொடர்ந்து போட்டா மோட்டார் மேல கை வெக்க முடியாது. நம்ம பில்டர் காபில பொடி கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா டிகாஷன் இறங்க பத்து நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான், பில்டர் மன்னிச்சிரும். எஸ்பிரெஸோல 9 பார் பிரஷர்ல தண்ணி வந்து பொடிய இடிக்குது, 18 கிராம் பொடி போட்டு 36 கிராம் காபி 25லருந்து 30 செகண்டுக்குள்ள எடுக்கணும், அந்த நேரத்த தீர்மானிக்கறது பெரும்பாலும் அரைக்கற சைஸ்தான். அதனாலதான் மிக்ஸி ஆகாது. மிக்ஸி வெட்டுறது கண்டமேனிக்கு, கொஞ்சம் மாவு கொஞ்சம் குருணைன்னு வரும், மாவு கசக்கும், குருணை புளிக்கும், ரெண்டும் ஒரே கப்புல.

அப்புறம்தான் நல்லதா ஒண்ணு தேட ஆரம்பிச்சேன். மால்கோனிக் ஈகே43னு ஒண்ணு இருக்கு, 98 மில்லிமீட்டர் பிளேடு (பிளேடுன்னா கத்தி இல்ல, பல்லு வெச்ச ரெண்டு வட்டத் தட்டு, நடுவுல கொட்டை அரையும்), 2013 உலக பரிஸ்டா போட்டில, அதாவது காபி போடறவங்களுக்கான போட்டில, மேட் பெர்கர் அத எஸ்பிரெஸோக்கு பயன்படுத்தினதுக்கு அப்புறம் உலகம் பூரா அதுக்கு மவுசு. பாக்க ஆசைதான், ஆனா விலைய கேட்டுட்டு பேசாம திரும்பி வந்துட்டேன். எலக்ட்ரானிக் டைப்புல பட்டன அமுக்குனா கணக்கா பொடி விழற மாதிரி நெறைய இருக்கு, பியோரென்ஸாட்டோ எஃப்64, மால்கோனிக் ஈ65எஸ் மாதிரி. எனக்கு கோட் பண்ணுன ரெண்டு இடத்துலயும் புதுசு லட்சத்துக்கு மேல. கடைசில தெரிஞ்ச ஒருத்தர் மூலமா மூடிப்போன ஒரு கடையோட மேஸர் சூப்பர் ஜாலி இருக்குன்னு கேள்விப்பட்டு, நடுவுல ஒரு டீலர் கிட்டருந்து அத வாங்குனேன்.

மேஸர் இத்தாலி கம்பெனி, வெனிஸ் பக்கம். சூப்பர் ஜாலி அவங்களோட பழைய மாடல், உலகத்துல எந்த ஊரு காபி கடைக்கு போனாலும் ஏதாவது ஒரு மூலைல இது நிக்கும். 64 மில்லிமீட்டர் தட்டை பிளேடு, 350 வாட் மோட்டார், நம்ம ஊரு 50 ஹெர்ட்ஸ் கரண்டுல நிமிஷத்துக்கு 1400 சுத்து. கிட்டத்தட்ட 14 கிலோ வெயிட்டு, தனியாளா கவுண்டர்ல தூக்கி வெச்சுட்டு ரெண்டு நாள் இடுப்ப பிடிச்சுக்கிட்டு திரிஞ்சேன். மேல கொட்டை போடற ஹாப்பரோட சேத்து கிட்டத்தட்ட ரெண்டு அடி உயரம், வீட்டு கிச்சன்ல ஷெல்ஃபுக்கு கீழ போகும்னு யாரும் கனவு காணாதீங்க.

டீலர் என்ன சொன்னாருன்னா "ஒரு வருஷந்தாங்க ஓடிருக்கு, பிளேடு புதுசு மாதிரி". கடைக்கு கொண்டு வந்து கழட்டி பாத்தா பல்லு எல்லாம் மழுங்கி பளபளன்னு இருக்கு, நகத்த வெச்சு விளிம்புல இழுத்தா பிடிக்கவே இல்ல, புது பிளேடா இருந்தா நகம் மாட்டும். உள்ள இண்டு இடுக்கெல்லாம் பழைய எண்ணெய் இறுகிப்போய் தார் மாதிரி. நம்ம தப்புதான், வாங்கறப்பவே மேல இருக்கற காலர (சைஸ் மாத்தற வளையம்) திருகி கழட்டி பாத்திருக்கணும், அஞ்சு நிமிஷ வேலை, கேட்டா யாரும் வேண்டாம்னு சொல்லமாட்டாங்க, சொன்னா அதுலயே விஷயம் தெரிஞ்சு போச்சு.

புது பிளேடு செட்டு வர்றதுக்கு மூணு வாரம் ஆச்சு. அதுவரைக்கும் பழசுலயே ஓட்டுனேன், அதனால ஒரு நல்லது, வித்தியாசத்த அப்பட்டமா பாக்க முடிஞ்சுது. அதே கொட்டை, அதே மெஷின். மழுங்குன பிளேடுல 28 செகண்டு வரணும்னா ரொம்ப நைஸா அரைக்க வேண்டியிருந்துச்சு, அப்பவும் ஷாட்டு ஒரு பக்கமா பீச்சும், வாயில வெச்சா கசப்பும் புளிப்பும் சேந்து வரும். நான் கொட்டை வறுத்து தர்ற ரோஸ்டர் கிட்ட போன் பண்ணி சண்டையே போட்டேன், உங்க கொட்டை சரியில்லன்னு. புது பிளேடு மாட்டி முதல் நாளே காலர பெருசு பக்கம் நல்லா திருப்ப வேண்டியதா போச்சு, காபில இனிப்பு தெரிஞ்சுது. ரோஸ்டருக்கு போன் பண்ணி மன்னிப்பும் கேட்டுட்டேன்.

மாட்டறப்ப ஒரு விஷயம். மேல பிளேடுக்கு மூணு ஸ்க்ரூ, கீழ பிளேடுக்கு மூணு. பிளேடு உக்கார்ற இடத்துல ஒரு துளி பொடி இருந்தாலும் பிளேடு சாஞ்சு உக்காரும், அப்புறம் ஒரு பக்கம் நைஸ் ஒரு பக்கம் பெருசுன்னு அரைக்கும். அதனால பிரஷ் போட்டு, துணில தொடச்சு, மூணு ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி இறுக்கணும், ஒண்ண மட்டும் மொதல்ல முழுசா இறுக்கக்கூடாது. பிளேடு விளிம்புல மார்க்கர்ல கோடு போட்டு, பிளக்க புடுங்கிட்டு, ரெண்டு பிளேடும் லேசா உரசற வரைக்கும் கொண்டுபோய் கையால சுத்தி கழட்டி பாத்தா, மை எல்லா பக்கமும் சமமா அழிஞ்சிருந்தா சரியா உக்காந்திருக்குன்னு அர்த்தம். எனக்கு ஒரு பக்கம்தான் அழிஞ்சுது. மறுபடியும் கழட்டி பாத்தா ஒரு ஸ்க்ரூ ஓட்டைல பழைய பொடி.

இனி ஓட்டறத பத்தி. சைஸ் மாத்தற காலர்ல கிளிக்கே கிடையாது, எங்க வேணா நிறுத்திக்கலாம், இதுக்கோசரமே காசு கொடுக்கலாம். ரெண்டு மில்லிமீட்டர் நகத்துனா மூணு நாலு செகண்டு மாறும். நைஸ் பக்கம் திருப்பறப்ப மட்டும் மோட்டார் ஓடிட்டே இருக்கணும், நின்னுட்டு இருக்கறப்ப திருப்புனா நடுவுல இருக்கற கொட்டை நசுங்கி பிளேடு இறுகிரும். புதுசா சேந்த பையன் ஒருத்தன் நின்ன மெஷின்ல பலத்த போட்டு திருப்பிட்டு "அண்ணா ஸ்டார்ட்டே ஆகல, ஊங்குது"ன்னு வந்து நின்னான். கரண்டு போறப்பவும் இதே கதைதான். பாதி அரைச்சுட்டு இருக்கறப்ப கரண்டு போயி திரும்ப வந்தா, கொட்டை பல்லுல மாட்டியிருக்கறதால சில சமயம் மோட்டார் சுத்தாம ஊங்கும், அப்ப அப்படியே விட்டா மோட்டார் சூடாகி காலி. உடனே ஆஃப் பண்ணிட்டு, ஹாப்பர் கதவ மூடிட்டு, காலர பெருசு பக்கம் திருப்பி விட்டுட்டு ஆன் பண்ணணும். கரண்டு போனா மொதல்ல கிரைண்டர் சுவிட்ச ஆஃப் பண்ணுன்னு செவுத்துலயே எழுதி ஒட்டிட்டேன்.

அப்புறம் அந்த டோஸர். முன்னாடி உருளையா ஒரு டப்பா, உள்ள விசிறி மாதிரி அறை அறையா பிரிச்ச தட்டு, பக்கத்துல இருக்கற கைப்பிடிய இழுத்தா ஒரு அறை பொடி கீழ விழும், 'டக் டக் டக்'. இத்தாலில பாருல நின்னுட்டே ஒரு மடக்கு குடிச்சுட்டு போற கூட்டத்துக்காக பண்ணுனது, ஒரு இழுப்புக்கு ஏழு கிராம் கணக்கு, டப்பா எப்பவும் நிறைஞ்சே இருக்கும், ஏன்னா அங்க கூட்டம் நிக்கறதே இல்ல. எங்க கடைல காலைல ஏழு டு பத்து இது ராஜா. ஒருத்தன் அரைக்க, ஒருத்தன் இழுக்க, பொடி கட்டி இல்லாம பூ மாதிரி விழும், கூட்டத்துக்கே அந்த டக் டக் சத்தம் பிடிக்கும்.

பத்து மணிக்கு மேலதான் வினையே. டப்பால அரைச்சு வெச்ச பொடி சும்மா உக்காந்திருக்கும், வாசனை போயிரும். சரி, ஆர்டருக்கு ஆர்டர் அரைப்போம்னா, டோஸர்ல ஒரு ஓரம், வர்ற வழில ஒரு ஓரம்னு பொடி ஒட்டிக்கிட்டே இருக்கும், 18 கிராம் அரைச்சா முழுசா வெளிய வராது, வர்றதுல கொஞ்சம் போன ஆர்டரோட பழைய பொடி. பதினோரு மணிக்கு ஒரு அக்கா வந்து அமெரிக்கானோ கேட்டா, மொதல்ல கொஞ்சம் அரைச்சு கொட்டிட்டு அப்புறம்தான் அவங்களுக்கு அரைக்கறோம். சைஸ் மாத்துனாலும் அப்படித்தான், முதல் ரெண்டு டோஸ் குப்பைக்கு. ஒரு நாளைக்கு கூட்டி பாத்தா மனசு வலிக்கும், வால்பாறைலயும் ஏற்காட்லயும் ஒருத்தர் வெயில்ல நின்னு பறிச்சது. அதுல ஜூன் ஜூலைல பாலக்காட்டு கணவாய் காத்து ஈரத்தோட அடிக்க ஆரம்பிச்சுதுன்னா காலைல செட் பண்ணுன சைஸ் மத்தியானம் நிக்காது, கொட்டை வறுத்து நாளாக ஆகவும் நைஸ் பண்ணிட்டே போகணும், அப்ப வேஸ்ட்டு இன்னும் ஜாஸ்தி. டோஸர் தட்டு விளிம்புல சின்னதா டேப் ஒட்டி கூட்டிவிடற மாதிரி பண்ணி கொஞ்சம் கொறைச்சோம், முழுசா போகல.

உள்ள கல்லு போறது இன்னொரு பயம். நம்ம கொட்டைய களத்துல காய வெக்கறாங்க, எவ்வளவு சலிச்சாலும் எப்பவாவது ஒரு சின்ன கல்லு வரும். போன வருஷம் ஒரு நாள் 'கிரீச்'னு ஒரு சத்தம், கழட்டி பாத்தா ஒரு பல்லுல சின்ன சில்லு பேந்திருக்கு. அதுலருந்து ஹாப்பர்ல கொட்டறதுக்கு முன்னாடி தட்டுல பரப்பி ஒரு பார்வை பாத்துட்டுதான் போடறோம், அரிசில கல்லு பொறுக்கற மாதிரி.

பிளேடு கூர் தீட்டறேன்னு கல்லுப்பு போட்டு ஓட்டலாம்னு எங்க சித்தி ஐடியா குடுத்தாங்க, மிக்ஸிக்கு அப்படித்தானே பண்றோம்னு. தயவு செஞ்சு யாரும் பண்ணிடாதீங்க, துருவும் பிடிக்கும் மோட்டாரும் போகும். அரிசியும் வேண்டாம். தண்ணில கழுவறதும் கூடாது. நாங்க தினமும் ராத்திரி பிரஷ்ஷு, வாரம் ஒரு தடவ காலர கழட்டி வேக்கும் கிளீனர், அவ்வளவுதான். காலர திரும்ப மாட்டறப்ப மரைல பொடி இல்லாம பாத்துக்கோங்க, ஒரு தடவ கோணலா ஏறிட்டா மரை போச்சு.

அப்புறம் வாரத்துக்கு ஒருத்தராவது "தம்பி, இதுல நம்ம பில்டருக்கு கால் கிலோ அரைச்சு தாங்களேன்"னு கேப்பாங்க, அதுவும் சிக்கரி கலந்து. சிக்கரி ஒட்டும், அந்த வாசனை நாலு நாளைக்கு போகாது, பில்டர் சைஸுக்கு போயிட்டு திரும்ப எஸ்பிரெஸோ சைஸுக்கு வர்றதுக்குள்ள கால் கிலோ கொட்டையும் அரை மணி நேரமும் காலி. நாலு கடை தள்ளி காபித்தூள் கடை அண்ணன் பெரிய மெஷின்ல ஒரு நிமிஷத்துல அரைச்சு தருவாரு, அங்கயே அனுப்பிடறேன்.

பிளேடு சுமார் 400 கிலோ வரைக்கும் தாங்கும்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க. எங்களுக்கு ஒரு நாளைக்கு 80 ஷாட்டு, ஒண்ணரை கிலோக்கு கொஞ்சம் கம்மி, அப்ப ஒன்பது மாசத்துக்கு ஒரு தடவ மாத்தணும். நான் முதல் தடவ பதிமூணு மாசம் இழுத்தேன், கடைசி ரெண்டு மாசம் ரெகுலரா வர்ற ஒருத்தர் "டேஸ்ட்டு ஏதோ மாறிருச்சுங்க"ன்னு சொல்லிட்டே இருந்தாரு, அவரு நாக்குதான் சரி. ரெண்டு வருஷத்துல மோட்டார்ல கை வெக்கவே இல்ல, கெட்டுப்போன ஒரே பொருள் ஒரு ஸ்ப்ரிங்கு.

அப்ப வாங்கலாமா? நிக்காம கூட்டம் வர்ற கடைன்னா கண்ண மூடிட்டு வாங்குங்க. எங்கள மாதிரி காலைலயும் சாயங்காலமும் மட்டும் ஓடற கடைன்னா, இப்ப நானா இருந்தா இன்னும் ஆறு மாசம் காசு சேத்து டோஸர் இல்லாத எலக்ட்ரானிக் ஒண்ணு வாங்கியிருப்பேன், குப்பைல கொட்டுற கொட்டைலயே விலை வித்தியாசத்த பிடிச்சிருக்கலாம். ஆனா இப்ப இத விக்கறதுக்கும் மனசு வரல, சாயங்கால கூட்டத்துக்கு இத வெச்சுட்டு மத்தியானத்துக்கு சின்னதா ஒரு சிங்கிள் டோஸ் கிரைண்டர் (ஒரு காபிக்கு வேண்டிய கொட்டைய மட்டும் போட்டு அரைக்கறது) பக்கத்துல வெக்கலாம்னு பாத்துட்டு இருக்கேன், கவுண்டர்ல இடம்தான் இல்ல. பழசு பாக்க போறவங்க ஒரு ஸ்க்ரூ டிரைவரும் நீங்க பயன்படுத்தற கொட்டை அரைக்கிலோவும் கையோட எடுத்துட்டு போங்க, அவங்க கொட்டைல ஓட்டி காட்டறத பாத்துட்டு நான் கொடுத்த மாதிரி அட்வான்ஸ் கொடுத்துட்டு வராதீங்க.